சிறுவர் தொழிலை ஒழிக்க அரசாங்கங்களுக்குச் சர்வதேச அமைப்புகள் செய்யும் உதவியால் உண்மையில் பயன் உண்டா?

உண்டு என்பதே என் பதில். கேள்வியின் தொனியைப் பார்த்தால், நிலாவெளிப் பக்கத்து ஹோட்டலொன்றில் நடந்த பயிற்சிப் பட்டறைக்குப் போய், மதியச் சாப்பாட்டோடு மனம் வெறுத்துத் திரும்பியவர் போலத் தெரிகிறீர்கள். அந்த வெறுப்பில் எனக்கும் பங்குண்டு. திருகோணமலை மாவட்டத்துக் கரையோரப் பாடசாலையொன்றில் வகுப்பாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த அரச சார்பற்ற நிறுவனத்திடமும் ஒரு சதம் சம்பளம் வாங்கியதில்லை என்பதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன். பின்னூட்டத்தில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

எங்கள் கடல் அமைதியாக இருக்கும் பங்குனி முதல் புரட்டாதி வரையான மாதங்களில் வெளிமாவட்டத்தவரும் வந்து கரையில் வாடி, அதாவது மீன்பிடிக் குடில், போடுவார்கள். கரைவலை தொடங்கியதும் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பையன்களின் வரவு குறையும். தாய் குவைத்தில் வேலை செய்ய, அம்மம்மாவோடு வளர்ந்த பதினைந்து வயதுப் பையனொருவன் தவணைப் பரீட்சைக்கு மட்டும் வந்தான். உள்ளங்கையில் காய்ப்பு வெடித்திருந்ததால் பேனையை விரல் நுனியால் பிடித்து எழுதிக்கொண்டிருந்தான். வலைக்கயிறு இழுத்த கை. அன்று பின்னேரமே வாடிக்குப் போனேன். முதலாளி கெட்ட மனிதர் அல்லர், எனக்குத் தேத்தண்ணீர் தந்தே பேசினார். "சேர், பதினாலு முடிஞ்சிட்டுது தானே, சட்டம் விட்டிருக்கு. நான் குடுக்கிற பங்கிலதான் அந்தக் கிழவி சோறு தின்னுது."

அவர் சொன்னதில் பாதி உண்மை. வேலைக்கு அமர்த்தும் ஆகக் குறைந்த வயது பற்றிய சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் 138ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 2000ஆம் ஆண்டில் ஏற்றுறுதிப்படுத்தியபோது, வளர்முக நாடுகளுக்கு விடப்பட்ட சலுகைப்படி 14 வயதையே அறிவித்திருந்தது. 2016இல் கட்டாயக் கல்வி வயது 16 ஆக உயர்ந்த பிறகும் வேலைக்கான வயது 2021இன் திருத்தச் சட்டம் வரும்வரை அப்படியே கிடந்தது. பாடசாலையில் இருந்தாக வேண்டிய பிள்ளை, சட்டப்படி வேலையிலும் இருக்கலாம் என்ற அந்த இடைவெளிக்குள்தான் எங்கள் பையன்கள் விழுந்தார்கள்.

சர்வதேச ஒத்துழைப்பின் வேலை எனக்குப் புரிந்தது இந்த இடத்தில்தான். சமவாயத்தை ஏற்றுறுதிப்படுத்திய அரசாங்கம் குறித்த காலத்துக்கொருமுறை ஜெனீவாவிலுள்ள அந்த ஸ்தாபனத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். இரண்டு வயதெல்லைகளும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று அங்குள்ள நிபுணர் குழு கேட்டது. அந்தக் கேள்வி அமைச்சுக்கு வந்து, அங்கிருந்து கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு இறங்கி, கடைசியில் கிராம அலுவலரின் மேசைக்கு வந்தது. கேட்க ஆளில்லாவிட்டால் எண்ணவும் ஆளில்லை. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2016ஆம் ஆண்டு ஆய்வு நாட்டில் 43,714 பிள்ளைகள் சிறுவர் தொழிலில் இருப்பதாகக் கண்டது. அவர்களுள் 39,007 பேர் ஆபத்தான வேலைகளில் இருந்தார்கள். தொகை சிறிதென்று பெருமைப்பட்டவர்கள் இரண்டாவது எண்ணை வாசிக்கவில்லை.

பையனின் விடயத்துக்கு வருகிறேன். ஓர் அலுவலகம் இது தங்கள் வேலையில்லை என்றது; இன்னொன்று, வாடிக்குப் பதிவில்லாததால் பரிசோதிக்க வழியில்லை என்றது; மற்றொன்று, முறைப்பாடு கொடுத்தால் முதலாளியைப் பிடிக்கலாம் என்றது. பிடித்திருந்தால் அம்மம்மாவின் அடுப்பு அணைந்திருக்கும். வெளிநாட்டு நிதியோடு நடந்த பயிற்சியொன்றுக்குப் பிறகுதான், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், தொழில் அலுவலர், நன்னடத்தை உத்தியோகத்தர், அதிபர் எல்லோரும் ஒரே படிவத்தோடு பிரதேச செயலகத்தில் ஒரே மேசையில் இருந்தார்கள். அம்மம்மாவுக்கு மாதாந்த உதவிப்பணம் கிடைத்தது, பையன் வகுப்புக்குத் திரும்பினான், க.பொ.த. சாதாரண தரமும் எழுதினான். உதவிப்பணம் நம்முடைய அரசாங்கத்தின் காசு. மேசையைப் போட வைத்தது மற்றவர்களின் காசு. பிச்சை வாங்கித்தானா இதைச் செய்ய வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, கேள்வி நியாயம், ஆனால் அதற்கு முன் எந்த வருடமும் அந்த மேசை போடப்படவில்லை என்றுதான் சொல்வேன்.

பிள்ளை வராததை ஆசிரியர்கள் கவனிப்பதில்லை என்று எங்கள்மேல் பழி போடுவதையும் நிறுத்துங்கள். மாணவர் தொகையை வைத்தே ஆசிரியர் எண்ணிக்கையும் வளங்களும் தீர்மானிக்கப்படுவதால், இடைவிலகியவனின் பெயரை இடாப்பிலிருந்து வெட்ட மேலிடத்துக்கு மனம் வராது. கடலில் நிற்கும் பிள்ளை கடதாசியில் வகுப்பில் இருப்பான். எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் இதைப் பேச விட்டதில்லை.

2025க்குள் உலகெங்கும் சிறுவர் தொழிலை ஒழிப்பதாக நாடுகள் உறுதி கொடுத்தன. அதற்கு முந்தைய ஆண்டிலும் 13 கோடியே 80 இலட்சம் பிள்ளைகள் அதில் இருந்தார்கள் என்பது சர்வதேசத் தொழில் ஸ்தாபனமும் யுனிசெப்பும் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீடு. நீங்கள் இது பற்றி ஆய்வோ அறிக்கையோ எழுதுபவராக இருந்தால், எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்காமல், திட்டம் முடிந்த அடுத்த ஆண்டில் அந்தக் கூட்டத்தைக் கூட்டுவதற்கும், உத்தியோகத்தர் வாடிவரை மோட்டார் சைக்கிளில் போய்வரப் பெற்றோல் அடிப்பதற்கும் அரசாங்கத்தின் வரவு செலவுத் திட்டத்தில் பணம் ஒதுக்கினார்களா என்று கேளுங்கள்.