செனட்டரின் வாக்கும் செனட்டரின் கடிதமும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்க செனட்டர் (நாடாளுமன்ற மேலவை உறுப்பினர்) ஒருவர் தம் பதவிக் காலத்தில் உண்மையில் என்ன செய்தார் என்பதை ஒரு சாதாரணக் குடிமகன் எங்கே பார்த்துத் தெரிந்துகொள்ள முடியும்? (வாசகர், கும்பகோணம்)

பதில்: மூன்று இடங்களில் பார்க்கலாம், ஆனால் மூன்றையும் ஒரே அளவுக்கு நம்ப முடியாது. முதலாவது, பெயர்வாரி வாக்கெடுப்பு. அவையில் இருப்பவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் கேட்டுக்கொண்டால், யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்பதை அவைக் குறிப்பில் எழுதியே ஆக வேண்டும் என்பது அந்நாட்டு அரசமைப்புச் சட்டத்தின் ஆணை. 1989 முதலான இத்தகைய வாக்கெடுப்புகள் அனைத்தும் செனட்டின் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. இரண்டாவது, 1873 முதல் வெளிவரும் ‘காங்கிரஷனல் ரெக்கார்ட்’ என்னும் அவை நடவடிக்கைப் பதிவேடு. மூன்றாவது, செனட்டர் தாமே அனுப்பும் செய்திமடல், பத்திரிகை அறிக்கை, இணையப் பக்கம் ஆகியவை.

இரண்டாவதைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. பதிவேட்டில் அச்சாகியிருப்பதெல்லாம் அவையில் பேசப்பட்டது என்று எண்ணிவிடக் கூடாது. உறுப்பினர்கள் தங்கள் பேச்சைத் திருத்தித் தரலாம். பேசாத பேச்சை எழுத்து வடிவில் சேர்க்கவும் செய்யலாம். அப்படிச் சேர்க்கப்பட்டவற்றுக்கு 1978 முதல்தான் தனி அடையாளம் இடப்படுகிறது. முதலாவதிலும் ஒரு குறை உண்டு. குரல் வாக்கெடுப்பின் மூலமும் ஒருமனதான இசைவின் மூலமும் நிறைவேறுகின்ற ஏராளமான விஷயங்களில் யார் பெயரும் இருக்காது. இவ்வளவு குறைகள் இருந்தும், வாக்கெடுப்பில் தொடங்கிச் செய்திமடலில் முடிப்பதே சரியான வரிசை என்பது என் கருத்து. வீட்டு வாசலுக்குத் தானாக வந்து சேர்வது செய்திமடல் மட்டுமே என்பதால், பெரும்பாலான மக்கள் அந்த வரிசையைத் தலைகீழாகவே படிக்கிறார்கள்.

கேள்வி: நம் மாநிலங்களவை உறுப்பினருக்குத் தொகுதி என்று ஒன்று கிடையாது. செனட்டருக்கு மட்டும் ‘தொகுதி மக்கள்’ எப்படி வந்தார்கள்? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: 1913 வரை செனட்டர்களையும் மாநிலச் சட்டமன்றங்களே தேர்ந்தெடுத்தன. அவ்வாண்டு ஏற்பட்ட 17ஆவது திருத்தம் அந்த உரிமையை மக்களிடம் நேரடியாக ஒப்படைத்தது. ஆகவே மாநிலம் முழுவதுமே அவருடைய தொகுதி. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இருவர். பதவிக் காலம் ஆறு ஆண்டுகள்.

கேள்வி: வில்லியம் பிராக்ஸ்மயர் என்ற செனட்டர் 22 ஆண்டுகளாக ஒரு வாக்கெடுப்பைக்கூடத் தவறவிட்டதில்லை என்று படித்தேன். உண்மையா? இது பாராட்டத்தக்கதுதானா? (வாசகர், சேலம்)

பதில்: உண்மைதான். விஸ்கான்சின் மாநிலத்தின் ஜனநாயகக் கட்சி செனட்டரான பிராக்ஸ்மயர், 1966 ஏப்ரல் முதல் 1988 அக்டோபர் வரை தொடர்ச்சியாக 10,252 பெயர்வாரி வாக்கெடுப்புகளில் கலந்துகொண்டார். கம்யூனிஸ்ட் வேட்டையால் பெயர் பெற்ற ஜோசப் மெக்கார்த்தி 1957இல் இறந்தபோது, அந்த இடத்துக்கு நடந்த தேர்தலில் வென்று வந்தவர் இவர். அதற்கு முன்பு ஆளுநர் பதவிக்கு மூன்று முறை போட்டியிட்டு மூன்று முறையும் தோற்றிருந்தார். ஆண்டுக் கணக்கில் இவரை மிஞ்சியவர் அயோவா மாநிலத்தின் சக் கிராஸ்லி. 1993 முதல் வாக்கெடுப்பு எதையும் தவறவிடாமல் வந்த அவருடைய வரிசை, 2020 நவம்பரில் கொரோனா தொற்றால் தனிமைப்படுத்திக்கொள்ள நேர்ந்தபோது 8,927 என்ற எண்ணிக்கையில் அறுந்தது.

பாராட்டத்தக்கதா என்ற கேள்விக்கு அரை மனதுடன்தான் ஆம் என்பேன். வருகைப் பதிவேட்டைப் பார்த்து ஒரு மாணவனின் படிப்பை எடைபோட முடியாதல்லவா? பிராக்ஸ்மயரின் பெயர் நிற்க வேண்டிய இடங்கள் வேறு. கடன் கொடுப்பவர் ஆண்டு வட்டி விகிதத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்ற 1968ஆம் ஆண்டுச் சட்டத்தை, பால் டக்ளஸ் என்ற செனட்டர் பல ஆண்டுகளுக்கு முன் தொடங்கி வைத்த முயற்சியிலிருந்து கரைசேர்த்தவர் அவர். கடன் வரலாற்றைத் தொகுத்து விற்கும் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் 1970ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் அவரே முன்னின்றார். ஒலியைவிட வேகமான பயணி விமானத் திட்டத்துக்கு அரசுப் பணம் தருவதை 1971 மார்ச்சில் செனட் 51க்கு 46 என்ற கணக்கில் நிறுத்தியதற்கும் அவருடைய விடாப்பிடியான எதிர்ப்பே முக்கியக் காரணம். அதே சமயம், ஊதாரிச் செலவுகளை இவ்வளவு கடுமையாகச் சாடியவர், தம் மாநிலப் பால் பண்ணையாளர்களுக்குரிய விலை ஆதரவை மட்டும் விட்டுக்கொடுக்காமல் காத்துவந்தார் என்பதும் அதே வாக்குப் பதிவில்தான் இருக்கிறது.

கேள்வி: அவர் 150 டாலருக்கும் குறைவாகச் செலவிட்டுத் தேர்தலில் வென்றாராமே? (வாசகி, ஈரோடு)

பதில்: 1982 தேர்தலில் 145 டாலர் 10 சென்ட். தமக்கு வந்த நன்கொடைகளைத் திருப்பி அனுப்பிய தபால் செலவும் அதில் அடக்கம். ஆனால் இதை எல்லோரும் பின்பற்றத்தக்க வழி என்று சொல்ல மாட்டேன். மாநிலப் பொருட்காட்சி, கால்பந்துப் போட்டி, ஆலை வாசல் என்று ஆண்டு தவறாமல் நின்று முன்பின் தெரியாதவர்களின் கையைக் குலுக்கி, கால் நூற்றாண்டாகத் தம் முகத்தை மாநிலம் முழுவதும் பழக்கப்படுத்திவிட்ட ஒருவருக்கு மட்டுமே அந்தச் சிக்கனம் கட்டுப்படியாகும். புதிதாக வரும் வேட்பாளருக்கு அது வாய்க்காது.

கேள்வி: செனட்டரின் செய்திமடல் ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு எது? சபையில் பேசியதற்கு வழக்குத் தொடுக்க முடியாது என்றல்லவா கேள்விப்பட்டிருக்கிறோம்? (வாசகர், புதுச்சேரி)

பதில்: இதுவும் பிராக்ஸ்மயரைப் பற்றியதே. 1975 மார்ச்சில் அவர் ‘தங்கக் கம்பளி விருது’ என்ற பெயரில், அரசுப் பணத்தை வீணடிப்பதாகத் தாம் கருதிய துறைகளுக்கு மாதந்தோறும் ஒரு கேலி விருதை அறிவிக்கத் தொடங்கினார். மனிதர்கள் ஏன் காதலிக்கிறார்கள் என்பதை ஆராய 84,000 டாலர் வழங்கிய தேசிய அறிவியல் அறக்கட்டளைக்குத்தான் முதல் விருது. அடுத்த மாதமே, ரொனால்ட் ஹட்சின்சன் என்ற ஆய்வாளருக்கு நிதியளித்த அந்த அறக்கட்டளையும் நாசாவும் கடற்படை ஆய்வு அலுவலகமும் விருதுக்கு இலக்காயின. குரங்குகளும் பிற விலங்குகளும் சினம் கொள்ளும்போது தாடையை எப்படி இறுக்குகின்றன என்பது அவருடைய ஆய்வு. விண்கலத்திலும் கடலடியிலும் அடைபட்டு வாழும் மனிதர்களின் சினத்தைப் புரிந்துகொள்ள அது உதவும் என்பது நிதி தந்தவர்களின் எண்ணம். செனட்டரோ அதை நகைச்சுவைப் பொருளாக்கினார். சுமார் ஒரு லட்சம் பேருக்குப் போன செய்திமடலிலும், 275 செய்தி ஊடகத்தினருக்குப் போன அறிக்கையிலும் அதே கேலி இடம்பெற்றது.

ஹட்சின்சன் அவதூறு வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் செனட்டருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தன. 1979 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை மாற்றியது. நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். இரு அவைகளிலும் ஆற்றிய உரைக்காக உறுப்பினரை வேறெங்கும் விசாரிக்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டம் கூறுகிறது. ஆனால் அந்தக் காப்பு சட்டமியற்றும் பணிக்கு உரியது. மக்களுக்குச் செய்தி சொல்வது எவ்வளவு விரும்பத்தக்கதாக இருந்தாலும் அது சட்டமியற்றுதலின் இன்றியமையாத பகுதி அல்ல. ஆகவே செய்திமடலும் பத்திரிகை அறிக்கையும் அந்தக் காப்புக்குள் வாரா என்று தலைமை நீதிபதி வாரன் பர்கர் எழுதினார். மாறுபட்டு நின்ற ஒரே நீதிபதி வில்லியம் பிரென்னன். இதில் கவனிக்க வேண்டிய வேடிக்கை ஒன்று உண்டு: அந்த உரையை அவையில் உண்மையிலேயே ஆற்றினாரா, பதிவேட்டில் சேர்க்க மட்டும் கொடுத்தாரா என்பது பிராக்ஸ்மயருக்கே உறுதியாக நினைவில்லை.

1980இல் வழக்கு சமரசமாக முடிந்தது. பிராக்ஸ்மயர் 10,000 டாலர் கொடுத்து, அவையிலேயே தம் கூற்றுகளுக்குத் திருத்தமும் தெரிவித்தார். வழக்குச் செலவைச் செனட் ஏற்றுக்கொண்டது. அதாவது, வீண்செலவைக் கண்டிக்கப் புறப்பட்டவரின் வழக்கறிஞர் கட்டணம் வரிப்பணத்தில் தீர்ந்தது. ஆயினும் விருது நிற்கவில்லை. அவர் ஓய்வு பெறும் 1988 வரை 168 முறை வழங்கப்பட்டது.

என் தீர்ப்பைக் கேட்டால், அந்த விருதுகளில் பாதுகாப்புத் துறையின் ஆடம்பரங்களைச் சுட்டியவை மக்களுக்கு உண்மையிலேயே பயன்பட்டன என்பேன். அறிவியல் ஆய்வுகளைச் சுட்டியவையோ தலைப்பை மட்டும் படித்துவிட்டுச் சிரிக்க மக்களைப் பழக்கின. வேற்றுலக உயிர்களைத் தேடும் ஆய்வுக்கு 1978இல் விருது கொடுத்த அவரே, பின்னர் வானியலாளர் கார்ல் சேகனிடம் பேசிய பிறகு தம் எதிர்ப்பைக் கைவிட்டார். ஒரு மணி நேர உரையாடல் செய்யக்கூடியதைச் செய்திமடலின் ஒரு பத்தி செய்வதில்லை.

கேள்வி: செனட்டர்கள் தபால்தலை இல்லாமலேயே கடிதம் அனுப்பலாமா? (வாசகர், காரைக்குடி)

பதில்: அனுப்பலாம். தபால்தலை இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய கையெழுத்து அச்சாகியிருக்கும். 1775இலேயே தோன்றிய இந்தச் சலுகைக்கான செலவை அரசு ஏற்கிறது. தேர்தலில் நிற்கும் செனட்டர், வாக்குப்பதிவுக்கு முந்தைய 60 நாட்களில் இவ்வாறு மொத்தமாக மடல் அனுப்பத் தடை உண்டு. அந்தத் தடை தொடங்குவதற்குச் சற்று முன்பு வரும் மடல்களைக் கொஞ்சம் ஐயத்தோடு படிப்பதில் தவறில்லை.

கேள்வி: ஒரே விஷயத்தை நாள்தோறும் பேசினால் பயன் உண்டா? இதுவும் அந்த பிராக்ஸ்மயர் பற்றித்தான். (வாசகர், திருச்சி)

பதில்: இனப்படுகொலைத் தடுப்பு ஒப்பந்தத்தை 1948இல் ஐ.நா. ஏற்றது, அடுத்த ஆண்டே அது செனட்டின் ஒப்புதலுக்கு வந்து கிடப்பில் போடப்பட்டது. அது நிறைவேறும் வரை அவை கூடும் ஒவ்வொரு நாளும் பேசுவதாக 1967 ஜனவரியில் அறிவித்த பிராக்ஸ்மயர், 3,211 உரைகளுக்குப் பிறகு, 1986 பிப்ரவரி 19 அன்று 83க்கு 11 என்ற வாக்கில் அது நிறைவேறியதைக் கண்டார். அந்த உரைகளால் மட்டுமே நிறைவேறியது என்று சொல்ல முடியாது. அப்போதைய குடியரசுத் தலைவர் ரீகனின் அரசு ஆதரிக்காமல், ஒப்பந்தத்துக்குத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் சேர்ந்திருக்கா. ஆனால் வெற்று நாற்காலிகளுக்கு முன் ஆற்றிய அந்தப் பேச்சுகளையே அவருடைய பொது வாழ்வின் சிறந்த பகுதியாக நான் கருதுகிறேன். அவற்றால் விஸ்கான்சினில் ஒரு வாக்குகூடக் கூடுதலாகக் கிடைத்திருக்காது. ஒப்பந்தத்தைச் செயற்படுத்த 1988இல் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் அவர் பெயராலேயே வழங்குகிறது.

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கும் என் மகன், குடியேற்றத் துறையில் தேங்கிக் கிடக்கும் தன் விண்ணப்பம் குறித்துச் செனட்டருக்கு எழுதினான். குடியேற்றக் கொள்கை பற்றி அச்சடித்தாற்போல் ஒரு பதில் வந்தது. இதனால் என்ன பயன்? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: அம்மா, தங்கள் மகனின் கடிதம் தவறான மேசைக்குப் போயிருக்கக்கூடும். செனட்டர் அலுவலகங்களில் கடிதங்கள் இரு வகையாகப் பிரிக்கப்படுகின்றன. ஒரு சட்டத்தையோ கொள்கையையோ பற்றிக் கருத்துச் சொல்பவை ஒரு வகை. அவற்றை இளம் ஊழியர்கள் பொருள்வாரியாக எண்ணி, முன்பே எழுதி ஒப்புதல் பெற்ற பதிலை அனுப்புவார்கள். கையெழுத்தைக்கூடப் பெரும்பாலும் இயந்திரமே இடும். பயன் அந்தப் பதிலில் இல்லை. எத்தனை பேர் எந்தப் பக்கம் எழுதினார்கள் என்ற எண்ணிக்கையில் இருக்கிறது. மற்றொரு வகை, ஓய்வூதியம், முன்னாள் படைவீரர் உதவி, கடவுச்சீட்டு, குடியேற்ற விண்ணப்பம் போன்றவற்றில் தனி ஒருவருக்கு ஏற்பட்ட சிக்கல். இதைக் கவனிக்கத் தனி ஊழியர்கள் உண்டு. அவர்கள் வாஷிங்டனைவிட மாநிலத்திலுள்ள கிளை அலுவலகங்களிலேயே மிகுதியாக இருப்பார்கள்.

ஆகவே மகனை நியூ ஜெர்சியிலுள்ள அலுவலகத்தையே அணுகச் சொல்லுங்கள். 1974ஆம் ஆண்டின் தனியுரிமைச் சட்டப்படி, விண்ணப்பதாரர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் இல்லாமல் குடியேற்றத் துறை அவருடைய விவரங்களைச் செனட்டருக்கும் தராது. எனவே செனட்டரின் இணையதளத்தில் உள்ள அந்தப் படிவத்தை முதலிலேயே நிரப்பிவிடுவது நல்லது. விண்ணப்பத்தின் ரசீது எண், அனுப்பிய தேதி, இதுவரை துறையிடமிருந்து வந்த கடிதங்களின் நகல் ஆகியவற்றையும் இணைக்க வேண்டும். காகிதத்தில் எழுதி வாஷிங்டனுக்குத் தபாலில் அனுப்ப வேண்டாம். 2001 அக்டோபரில் டாஷல், லேஹி ஆகிய இரு செனட்டர்களுக்கு ஆந்த்ராக்ஸ் கிருமித் தூள் அடைத்த கடிதங்கள் அனுப்பப்பட்டதிலிருந்து, அங்கே போகும் தபால்கள் கதிர்வீச்சால் தூய்மை செய்யப்பட்டுத் தாமதமாகவே மேசையை அடைகின்றன. செனட்டரால் துறைக்கு ஆணையிட முடியாது, வரிசையில் முன்னே தள்ளிவிடவும் முடியாது. கோப்பு எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று கேட்டுப் பதில் வாங்கித் தர முடியும்.