கால்பந்து உலகக் கோப்பை ஆட்டமுறை ஏன் இத்தனை தடவை மாறியது? – கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஆட்டமுறையைப் பற்றியவை: யார் அடுத்த சுற்றுக்குப் போவது, சமன் ஆனால் என்ன செய்வது. உலகக் கோப்பையில் இன்று இருக்கும் இந்த விதிகளில் பல, ஏதோ ஒரு அணிக்கு நடந்த அநியாயத்துக்குப் பிறகு எழுதப்பட்டவை. அதனால் விதியோடு அதன் காரணத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

கேள்வி: 1930-இல் உருகுவேக்கு ஐரோப்பாவிலிருந்து நாலே நாலு அணிதான் போனதாமே, ஏன் சார்?

பிரான்ஸ், பெல்ஜியம், ருமேனியா, யூகோஸ்லாவியா, அவ்வளவுதான். காரணம் கடல். கப்பலில் போகவே ஏறக்குறைய இரண்டு வாரம். ஆடித் திரும்ப இரண்டு மாதம் ஆகிவிடும். பயணச் செலவை உருகுவே ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியும் பல சங்கங்கள் மறுத்துவிட்டன. பிரிட்டன் சங்கங்கள் 1928-இலேயே உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவை விட்டு விலகியிருந்தன. பிரான்ஸ், பெல்ஜியம், ருமேனியா மூன்றும் 'கோன்டே வெர்டே' என்ற ஒரே கப்பலில் போயின. மொத்தம் 13 அணிகள், தகுதிச் சுற்று கிடையாது. 13-ஐச் சமமாகப் பிரிக்க முடியாதே! அதனால் நாலு பேர் கொண்ட குரூப் ஒன்று, மூன்று பேர் கொண்டவை மூன்று.

கேள்வி: 1934, 1938 இரண்டிலும் முதல் ஆட்டத்திலிருந்தே நாக் அவுட், அதாவது தோற்றால் வெளியே. அதை ஏன் கைவிட்டார்கள்?

1934-இல் பிரேசிலும் அர்ஜென்டினாவும் அட்லாண்டிக்கைக் கடந்து இத்தாலிக்கு வந்தன. பிரேசில் ஸ்பெயினிடம் 3-1, அர்ஜென்டினா ஸ்வீடனிடம் 3-2 எனத் தோற்றன. ஆளுக்கு ஒரே ஆட்டம், மறுபடி கப்பல். இவ்வளவு தூரம் வந்தவனுக்குத் தொண்ணூறு நிமிடம்தான் என்றால் யார் வருவார்கள்? தவிர, ஆட்டம் குறைந்தால் டிக்கெட் வருமானமும் குறையும். 1950-இல் போட்டியை நடத்திய பிரேசில் குரூப் முறையைக் கேட்டு வாங்கியதற்கு முக்கியக் காரணம் இந்தப் பணக் கணக்குதான்.

கேள்வி: 1950-இல் இறுதி ஆட்டமே கிடையாது என்கிறார்களே. அப்புறம் ரியோவின் மரகானா மைதானத்தில் நடந்தது என்ன?

லீக்கின் கடைசி ஆட்டம். நான்கு குரூப்களில் முதலிடம் பெற்ற பிரேசில், உருகுவே, ஸ்பெயின், ஸ்வீடன் நான்கும் ஒன்றோடொன்று மோதி, அதிகப் புள்ளி எடுப்பவருக்குக் கோப்பை என்பது ஏற்பாடு. வெற்றிக்கு 2 புள்ளி, சமனுக்கு 1. பிரேசில் ஸ்வீடனை 7-1, ஸ்பெயினை 6-1 என நொறுக்கி 4 புள்ளியோடு நின்றது. உருகுவே ஸ்பெயினோடு 2-2 சமன், ஸ்வீடனிடம் 3-2 வெற்றி, 3 புள்ளி. கடைசி நாளில் இந்த இரண்டும் சந்தித்தது அட்டவணை அமைந்த விதம், அவ்வளவே. பிரேசில் அன்று வேறு யாரோடாவது ஆடியிருந்தால் கதையே வேறு.

சமன் செய்தாலே பிரேசிலுக்குக் கோப்பை. 1950 ஜூலை 16. 47-ஆவது நிமிடம் ஃப்ரியாசா அடித்து பிரேசில் முன்னிலை. 66-இல் உருகுவேயின் ஸ்கியாஃபினோ சமன் செய்தார். அப்போதும் கோப்பை பிரேசிலுக்குத்தான். 79-இல் வலது ஓரமாக ஓடி வந்த கிஜ்ஜியா, முந்தைய கோலைப் போலக் குறுக்கே கொடுப்பார் என்று கோல்கீப்பர் பர்போசா ஓரடி விலகி நிற்க, கம்பத்துக்கும் அவருக்கும் நடுவே இருந்த அந்த இடுக்கில் அடித்துவிட்டார். 2-1. முறைப்படியான இறுதி ஆட்டம் இல்லாத ஒரே உலகக் கோப்பை இதுதான்.

கேள்வி: அதே 1950-இல் ஷூ போடத் தெரியாததால்தான் இந்தியா போகவில்லையா?

இந்தக் கதையை நம்பாதீர்கள். பர்மா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா விலகியதால் இந்தியாவுக்கு ஆடாமலே இடம் கிடைத்தது. ஸ்வீடன், இத்தாலி, பராகுவே இருந்த குரூப்பில் பெயரும் வந்துவிட்டது. கடைசியில் விலகியபோது இந்தியச் சங்கம் சொன்ன காரணங்கள் அணித் தேர்வில் கருத்து வேறுபாடு, பயிற்சிக்கு நேரம் போதாமை. ஒலிம்பிக்தான் பெரிது, உலகக் கோப்பை அவ்வளவு முக்கியமில்லை என்ற எண்ணம் சங்கத்தில் இருந்ததும் உண்மை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம்மவர்கள் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி, இரண்டு பெனால்டியைத் தவறவிட்டும் பிரான்ஸிடம் 2-1 என்றுதான் தோற்றார்கள். அந்த ஒரு கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். கால் வெறுமையாக இருந்ததால் வாய்ப்பு போகவில்லை, வாய்ப்பின் மதிப்பு தெரியாததால் போனது.

கேள்வி: 1954-இல் ஹங்கேரியிடம் 8-3 தோற்ற மேற்கு ஜெர்மனி எப்படிக் கோப்பை வென்றது?

உலகக் கோப்பையிலேயே விசித்திரமான ஆட்டமுறை அது. நாலு பேர் குரூப்பில் இரண்டு அணி 'தரவரிசை பெற்றவை' (வலுவானவை என்று முன்கூட்டியே குறிக்கப்பட்டவை), இரண்டு பெறாதவை. தரவரிசை பெற்ற இரண்டும் ஒன்றோடொன்று ஆடாது. மற்ற இரண்டும் அப்படியே. ஆளுக்கு இரண்டே ஆட்டம். குரூப் ஆட்டம் சமன் ஆனாலும் கூடுதல் நேரம் உண்டு. இரண்டாம் இடத்துக்குப் புள்ளி சமம் என்றால் மறு ஆட்டம்.

தரவரிசையைத் தகுதிச் சுற்று முடியும் முன்பே ஸ்பெயினுக்கு எழுதி வைத்திருந்தார்கள். ஸ்பெயினும் துருக்கியும் ரோமில் 2-2 சமன் செய்ய, கண்ணைக் கட்டிய ஒரு சிறுவன் எடுத்த சீட்டில் துருக்கி வந்தது. ஸ்பெயினுக்கு வைத்திருந்த தரவரிசையும் துருக்கிக்கே போனது! ஆக அந்தக் குரூப்பில் ஹங்கேரியும் துருக்கியும் தரவரிசை பெற்றவை, மேற்கு ஜெர்மனியும் தென் கொரியாவும் பெறாதவை.

ஜெர்மனி துருக்கியை 4-1 வென்றது. தோற்றாலும் மறு ஆட்டம் இருக்கிறது என்ற கணக்கில் பயிற்சியாளர் ஹெர்பெர்கர் பல மாற்று வீரர்களை இறக்கி, ஹங்கேரியிடம் 8-3 வாங்கினார். துருக்கி கொரியாவை 7-0 வென்றது. இருவருக்கும் 2 புள்ளி. மறு ஆட்டத்தில் ஜெர்மனி 7-2. இப்போது பேனாவை எடுத்துக் கோல்களைக் கூட்டிப் பாருங்கள். முதல் இரண்டு ஆட்டத்தில் ஜெர்மனி அடித்தது 7, வாங்கியது 9. துருக்கி 8, 4. கோல் வித்தியாசம் பார்க்கும் விதி அன்று இருந்திருந்தால் ஜெர்மனி குரூப்பிலேயே வெளியே போயிருக்கும். பெர்னில் ஹங்கேரியை 3-2 வென்ற இறுதி ஆட்டமே நடந்திருக்காது.

கேள்வி: கோல் சராசரிக்கும் கோல் வித்தியாசத்துக்கும் என்ன பெரிய வேறுபாடு?

சராசரி என்பது அடித்ததை வாங்கியதால் வகுப்பது. வித்தியாசம் என்பது கழிப்பது. ஒரு அணி 10 அடித்து 5 வாங்கியது, இன்னொன்று 3 அடித்து 1 வாங்கியது என்று வையுங்கள். சராசரியில் 2-க்கு 3, இரண்டாவது அணி மேலே. வித்தியாசத்தில் +5-க்கு +2, முதல் அணி மேலே. ஆக, சராசரி விதி கதவைச் சாத்திக்கொண்டு ஆடுபவனுக்குப் பரிசு கொடுக்கிறது. ஒரு கோல்கூட வாங்காவிட்டால் பூஜ்யத்தால் வகுக்க வேண்டிய சிக்கல் வேறு.

1958-இல் மறு ஆட்டம் ஆடி வந்த வட அயர்லாந்து, இரண்டே நாள் இடைவெளியில் காலிறுதி ஆடி பிரான்ஸிடம் 4-0 தோற்றது. அந்தக் களைப்பைத் தவிர்க்க 1962-இல் சராசரி வந்தது. இங்கிலாந்து (4 அடித்து 3 வாங்கியது) அர்ஜென்டினாவை (2 அடித்து 3 வாங்கியது) முந்தியது அப்படித்தான். 1970-இலிருந்து வித்தியாசம்.

கேள்வி: கடைசி குரூப் ஆட்டங்கள் இரண்டும் ஏன் ஒரே நேரத்தில் நடக்கின்றன?

அல்ஜீரியாவால். 1982-இல் முதன்முறையாக வந்த அந்த அணி மேற்கு ஜெர்மனியை 2-1 வென்றது. ஆஸ்திரியாவிடம் 2-0 தோற்றது. ஜூன் 24-இல் சிலியை 3-2 வென்று 4 புள்ளியோடு முடித்தது. மறுநாள் ஸ்பெயினின் ஹிஹோன் நகரில் ஜெர்மனி–ஆஸ்திரியா. ஆடும் முன்பே கணக்கு வெட்டவெளிச்சம்: ஆஸ்திரியா 4 புள்ளி, வித்தியாசம் +3. ஜெர்மனி 2 புள்ளி, +2. அல்ஜீரியா 0. ஜெர்மனி ஒன்று அல்லது இரண்டு கோலில் ஜெயித்தால் இருவருமே உள்ளே. சமன் ஆனால் ஜெர்மனி வெளியே. மூன்று கோலில் 3-0 என்றால் ஆஸ்திரியா வெளியே.

10-ஆவது நிமிடம் ஜெர்மனியின் ருபெஷ் கோல் அடித்தார். பிறகு போகப் போக ஆட்டம் உயிரற்றுப் போனது. இரண்டாம் பாதி முழுக்கப் பந்தைத் தங்களுக்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்தார்கள். அல்ஜீரிய ரசிகர்கள் பணத்தாள்களை ஆட்டிக் காட்டினார்கள். ஆஸ்திரியத் தொலைக்காட்சி வர்ணனையாளரே பெட்டியை அணைத்துவிடுங்கள் என்றார். அல்ஜீரியா புகார் கொடுத்தும், எந்த விதியும் மீறப்படவில்லை என்பதால் முடிவு நின்றது.

ஃபிஃபா இதை நான்கு வருடம் முன்பே தடுத்திருக்கலாம் என்பது என் உறுதியான கருத்து. 1978-இல் பிரேசில் போலந்தை 3-1 வென்று முடித்த பிறகுதான் அர்ஜென்டினா பெருவோடு ஆடியது. பிரேசிலை முந்தி இறுதிக்குப் போக நாலு கோல் வித்தியாசம் வேண்டும் என்று தெரிந்தே இறங்கி 6-0 வென்றது. பெரு விட்டுக்கொடுத்ததா என்ற சர்ச்சை தனி. இலக்கைத் தெரிந்துகொண்டு ஆட விட்டதே தவறு. ஒரே நேரம் என்ற விதி 1986-இல்தான் வந்தது.

கேள்வி: அண்ணே, அதோடு எல்லாம் சரியாகிவிட்டதா?

இல்லை தம்பி. 1990-இல் அயர்லாந்தும் நெதர்லாந்தும் புள்ளி, கோல், நேருக்கு நேர் எல்லாவற்றிலும் சமம். சீட்டுக் குலுக்கியதில் அயர்லாந்து இரண்டாமிடம். மூன்றாமிடம் பெற்ற நெதர்லாந்துக்கு அடுத்து மேற்கு ஜெர்மனி, தோற்று வெளியேறியது.

2018-இல் ஜப்பானும் செனகலும் அப்படியே சமம் ஆனபோது அட்டைகளை எண்ணினார்கள். மஞ்சளுக்கு 1, இரண்டாம் மஞ்சளால் வரும் சிவப்புக்கு 3, நேரடிச் சிவப்புக்கு 4 புள்ளி கழியும். ஜப்பானுக்கு 4 மஞ்சள், செனகலுக்கு 6. ஜப்பான் போலந்திடம் 1-0 பின்தங்கியும் கடைசி நிமிடங்களில் பந்தைச் சும்மா கடத்திக்கொண்டிருந்தது. கொலம்பியா செனகலை வெல்லும் செய்தி தெரிந்துவிட்டதே! ஒரே நேரத்தில் ஆடினாலும் கையில் போன் இருக்கிறது.

கேள்வி: கோல்டன் கோல் ஏன் போனது?

கூடுதல் நேரத்தில் முதல் கோல் விழுந்ததுமே ஆட்டம் முடிந்தது என்பதுதான் கோல்டன் கோல். தாக்கி ஆடுவார்கள் என்று நினைத்துக் கொண்டுவந்தார்கள். ஒரு கோலில் எல்லாம் முடியும் என்றால் பயம்தான் கூடியது. 1998-இல் பராகுவேக்கு எதிராக பிரான்ஸின் லோரான் பிளாங் அடித்ததுதான் உலகக் கோப்பையில் முதலாவது, 2002-இல் மூன்று. 2006-இல் விதி இல்லை.

கேள்வி: 2026-இன் 48 அணி முறையில் மூன்றாமிடக் கணக்கு எப்படிப் போடுவது?

12 குரூப், குரூப்புக்கு 4 அணி, 72 ஆட்டம். முதலிரண்டு இடம் 24 அணி. மீதி 8 இடம் பன்னிரண்டு மூன்றாமிட அணிகளில் சிறந்த எட்டுக்கு. அந்தப் பன்னிரண்டை மட்டும் தனிப் பட்டியலாக எழுதுங்கள்: முதலில் புள்ளி, பிறகு கோல் வித்தியாசம், பிறகு அடித்த கோல். பலர் செய்யும் தவறு, தங்கள் குரூப் பட்டியலை மட்டும் பார்த்துக்கொண்டு 'மூன்றாமிடம் வந்துவிட்டோம், போதும்' என்பது.

முதலில் திட்டமிட்டது 16 குரூப், குரூப்புக்கு 3 அணி. அதில் கடைசி ஆட்டத்தன்று ஒரு அணி சும்மா உட்கார்ந்திருக்கும். மற்ற இரண்டும் ஹிஹோனைத் திரும்ப ஆடலாம். 2023 மார்ச்சில் அதை மாற்றியது நல்ல முடிவு. ஆனால் ஒரு ஓட்டை இன்னும் இருக்கிறது. முதல் குரூப்கள் சில நாள் முன்பே முடிந்துவிடும். கடைசி குரூப்களுக்கு எத்தனை கோல் தேவை என்று துல்லியமாகத் தெரியும். அதோடு, பன்னிரண்டில் எந்த எட்டு வரும் என்பதற்கு 495 சேர்க்கைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் யாரோடு யார் என்பது முன்கூட்டியே அட்டவணையாக இருக்கும். அதனால் கடைசி குரூப் முடியும் வரை, மூன்றாமிட அணியைச் சந்திக்க வேண்டிய குரூப் வெற்றியாளருக்குத் தன் எதிரி யார் என்று உறுதியாகத் தெரியாது.