மாற்றுக் குடலுக்குப் பழைய சோறு ஆகுமா?

கேள்வி: சிறுகுடலுக்குச் செல்லும் தமனி அடைத்துக் குடல் அழுகிவிட்டதால், 46 வயதான என் கணவருக்கு ஐந்து மாதங்களுக்கு முன் சிறுகுடல் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது வாய்வழியாகவே சாப்பிடுகிறார், குடல் கழிவு வெளியேற வயிற்றில் பொருத்திய பை இன்னும் இருக்கிறது, எடைதான் ஏறவில்லை. சீந்தில் பொடி, புரோபயாட்டிக் மாத்திரை, காலையில் பழைய சோற்று நீராகாரம் ஆகியவற்றைக் கொடுக்கும்படி உறவினர்கள் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
— வாசகி, திருச்சி

பதில்: மூன்றுமே இப்போதைக்கு வேண்டாம். சிறுநீரகத்தைக் காட்டிலும் குடலில் நோய் எதிர்ப்பு அணுக்கள் மிக அதிகம் என்பதால், மாற்றுக் குடலை உடல் நிராகரிக்கும் அபாயமும் அதிகம். அதைத் தடுக்கவே டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகளால் அவருடைய எதிர்ப்பாற்றலை மருத்துவர்கள் அடக்கி வைத்திருக்கிறார்கள். அப்படியிருக்க, எதிர்ப்பாற்றலைத் தூண்டுவதாகச் சொல்லி விற்கப்படும் சீந்திலைக் கொடுப்பது ஒரு கையால் பூட்டி மறு கையால் திறப்பது போன்றது. கொரோனா காலத்தில் சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதையும் நம் நாட்டு மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

புரோபயாட்டிக் மாத்திரையில் இருப்பவை உயிருள்ள நுண்ணுயிரிகள். நமக்குச் சாதுவான அவை, எதிர்ப்பாற்றல் குறைந்தவரின் புண்பட்ட குடல் சுவரைத் தாண்டி ரத்தத்தில் கலந்துவிடக்கூடும். பழைய சோற்றைப் பற்றி நானும் ஆசையோடுதான் பேசுவேன். ஆனால் இரவெல்லாம் அடுக்களையில் ஊறும் அந்தப் பானையில் எந்தக் கிருமி வளர்ந்தது என்று யாரும் சொல்ல முடியாது. இட்லியும் புளித்த மாவில் செய்வதுதானே என்பீர்கள். அது ஆவியில் வெந்துவிடுகிறது, சுடச்சுடக் கொடுங்கள். தயிரை எப்போது தொடங்கலாம் என்பதைச் சிகிச்சைக் குழு சொல்லட்டும்.

எடை ஏறாததற்கான காரணத்தைப் பையில் தேடுங்கள். ஒவ்வொரு முறை காலி செய்யும்போதும் அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்து, எத்தனை மில்லி என்று நோட்டில் எழுதுங்கள். வெறும் தண்ணீரை அதிகம் குடித்தால் உடலின் உப்பும் சேர்ந்து பைக்குள் போய்விடும். ஆகவே ஒரு லிட்டருக்கான ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் முழுதாகக் கரைத்து, சிறுகச் சிறுகக் கொடுப்பது நல்லது. இளநீர் அதற்கு மாற்றாகாது; அதில் சோடியம் குறைவு, பொட்டாசியம் அதிகம், டாக்ரோலிமஸும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய மருந்து. அதே மருந்து மெக்னீசியத்தை இறக்கும் என்பது உண்மைதான். ஆயினும் மெக்னீசிய மாத்திரை வயிற்றுப்போக்கைக் கூட்டும் என்பதால் அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். ஏ, டி, ஈ, கே வைட்டமின்களையும் ரத்தப் பரிசோதனை பார்த்தே கொடுப்பார்கள். பம்பளிமாஸ், கிரேப்ஃப்ரூட் இரண்டும் டாக்ரோலிமஸின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடக்கூடும் என்பதால் வீட்டுக்குள்ளேயே வர வேண்டாம்.

பையில் நீர் திடீரென்று கூடினால் சாப்பாட்டின் மேல் பழி போட்டுக் காத்திருக்காதீர்கள். கடையில் வயிற்றுப்போக்கு மாத்திரையும் வாங்காதீர்கள். அப்படி நீர் கூடுவது நிராகரிப்பின் முதல் அறிகுறியாகவோ கிருமித் தொற்றாகவோ இருக்கலாம். வயிற்றுப்போக்கின்போது டாக்ரோலிமஸின் அளவு ரத்தத்தில் ஏறுவதும் உண்டு. அன்றைக்கே அந்த நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.