தூண்டில் மேடை: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் ஊர் ஏரியில் விடுமுறை நாள்களில் தூண்டில் போடுகிறேன். மண்புழுவுக்கு ஜிலேபியும் கெண்டையும் தாராளமாகச் சிக்குகின்றன. விரால் மட்டும் அகப்படுவதில்லையே, ஏன்?
– மதுராந்தகம் வாசகர்

பதில்: ஜிலேபி மேயும் திறந்த நீரிலேயே விராலையும் எதிர்பார்த்துக் காத்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். விரால் பதுங்கியிருந்து பாயும் மீன். அல்லியும் ஆகாயத்தாமரையும் அடர்ந்த ஓரங்களிலும் கோரையின் நிழலிலும் அசையாமல் கிடந்து, சிறுமீனோ தவளையோ அருகில் வரும்போது கவ்விக்கொள்ளும். செவுள் இருந்தாலும் அதற்கு வெளிக்காற்றும் வேண்டும் என்பதால், அவ்வப்போது நீர்மட்டத்துக்கு வந்து காற்றை உறிஞ்சிவிட்டு அமிழ்ந்துவிடும். அதிகாலையில் உங்கள் நிழல் நீரில் விழாதபடி நின்று பாருங்கள். இலைகளுக்கிடையே சட்டென்று ஒரு வளையம் எழுந்து பரவினால், தூண்டில் விழ வேண்டிய இடம் அதுவே.

மண்புழுவை விட்டுவிட்டு ரப்பர் தவளையை வாங்குங்கள். அதன் கொக்கிமுனைகள் முதுகோடு ஒட்டியிருப்பதால் இலைகளின்மேல் இழுத்து வந்தாலும் பாசியில் மாட்டாது. மீன் பாய்ந்து தண்ணீர் தெறித்ததுமே பதறி இழுப்பவர்கள்தாம் மிகுதி. மீனின் வாயில் தவளை முழுதாகப் போகுமுன்னே அது வெளியே வந்துவிடும். ஓரிரு நொடி பொறுத்து, தூண்டில் நரம்பில் கனம் தெரிந்த பிறகு சட்டென்று சுண்டி இழுங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் செந்நிறக் குஞ்சுகள் திரளாக மிதந்தால், அங்கே தூண்டில் போட்டதும் தாய் விரால் கடிக்கும் என்கிறார்கள். உண்மையா?
– கும்பகோணம் வாசகர்

பதில்: உண்மைதான், ஆனாலும் செய்யாதீர்கள். அப்போது அது கடிப்பது பசியால் அன்று, குஞ்சுகளை நெருங்கும் எதையும் விரட்டும் வேகத்தால். காவலிருப்பதும் தாய் மட்டுமன்று. தந்தை மீனுக்கும் அதில் பங்குண்டு. காவல் மீனைத் தூக்கிவிட்டால், காற்றுக்காகக் கூட்டமாக மேலே வரும் அந்தக் குஞ்சுகளைக் குறவை மீனும் நீர்க்காகமும் விரைவிலேயே தின்று தீர்த்துவிடும். ஒரு மீனுக்காக ஓர் ஈற்றையே அழிப்பதில் தூண்டில்காரரின் திறமை எதுவும் இல்லை என்பது என் கருத்து.

கேள்வி: தேளி மீனைக் கொக்கியிலிருந்து கழற்றும்போது குத்திவிட்டது. என்ன செய்வது?
– சிதம்பரம் வாசகர்

பதில்: அதன் பக்கத் துடுப்பு முள்ளில் நஞ்சு உண்டு. காயத்தைக் கழுவி, தோல் வேகாத அளவுக்குத் தாங்கக்கூடிய வெந்நீரில் கையை அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். முள் ஒடிந்து உள்ளே தங்கினாலோ வீக்கம் ஏறினாலோ மருத்துவரிடம் செல்லுங்கள். இனி வெறுங்கையால் பிடிக்காமல், குறடால் கொக்கியைக் கழற்றுங்கள்.

கேள்வி: ஊர் ஏரியில் பொழுதுபோக்காக மீன் பிடிக்கவும் அனுமதி தேவையா?
– செய்யாறு வாசகர்

பதில்: பல ஏரிகளின் மீன்பாசி உரிமை, அதாவது மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமை, ஏலத்தில் குத்தகைக்கு விடப்படுகிறது. அத்தகைய ஏரியில் குஞ்சு விட்டு வளர்ப்பவர் குத்தகைதாரர் என்பதால், ஒற்றைத் தூண்டிலோடு சென்றாலும் முதலில் அவரிடம் கேட்டுவிடுங்கள்.