லோகோவை எஸ்விஜி ஆக்கியும் ஏன் மங்கலாகத் தெரிகிறது?

பட்டுச்சேலைக் கடை நடத்தும் ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்கள் கடை லோகோ 200 பிக்சல் அகல ஜேபெக் படமாகத்தான் இருக்கிறது. வெப்சைட்டில் பெரிதாக்கினால் மங்குகிறது. வெக்டர் ஃபைல் வேண்டும் என்று டிசைனர் கேட்டதால் ஆன்லைன் கன்வெர்ட்டரில் போட்டு எஸ்விஜி ஆக்கினேன், அப்போதும் அதே மங்கல்தான். என்ன தவறு?"

ஜக்கார்டு தறிக்கு கிராஃப் தாளில் டிசைன் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். எந்தக் கட்டத்தில் என்ன நிறம் என்பதைத் தவிர அந்தத் தாளுக்கு வேறு எதுவும் தெரியாது, அதில் இருப்பது மயில் என்பதும் தெரியாது. ஜேபெக் போன்ற பிட்மேப் படம் அப்படியே அதுதான். போனில் 300 பிக்சல் அகலத்தில் வைக்கும் லோகோவுக்கு, அந்தத் திரை 3 மடங்கு அடர்த்தி உள்ளதாக இருந்தால், உண்மையில் 900 பிக்சல் தேவை. உங்களிடம் இருப்பதோ 200. ஒரு பிக்சல் சுமார் 20 பிக்சல் இடத்தை நிரப்ப வேண்டியிருக்கிறது, மங்காமல் என்ன செய்யும்?

எஸ்விஜி என்பது வெக்டர் படத்துக்கான ஃபைல் வகை, வெக்டரில் கட்டமே கிடையாது. இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்கு இப்படி வளைந்து போ, உள்ளே மெரூன் நிரப்பு என்ற குறிப்புகள்தான் இருக்கும், திரை எத்தனை பெரிதானாலும் பிரவுசர் அந்தக் குறிப்பைப் படித்துப் புதிதாக வரைந்துகொள்ளும். கன்வெர்ட்டர்கள் பல படத்தை இப்படிக் குறிப்புகளாக மாற்றுவதில்லை, பழைய ஜேபெக்கை அப்படியே எஸ்விஜி உறைக்குள் போட்டு ஒட்டித் தந்துவிடுகின்றன. நோட்பேடில் அந்த ஃபைலைத் திறந்து பாருங்கள். 'பாத்' (path) என்ற சொல்லும் எண்களும் இருந்தால் பெரும்பாலும் அசல் வெக்டர். 'இமேஜ்' (image) என்று தொடங்கி அர்த்தமில்லாத எழுத்துகள் பக்கம் பக்கமாக ஓடினால் உள்ளே ஒளிந்திருப்பது பிட்மேப்.

சரி, இனி என்ன செய்யலாம்? முதலில் விசிட்டிங் கார்டோ பிளெக்ஸ் பேனரோ அடித்த இடத்தில் கேளுங்கள். நம் ஊர் அச்சகங்களில் பெரும்பாலும் கோரல் டிரா என்ற வெக்டர் மென்பொருளில்தான் வேலை நடக்கும், உங்கள் லோகோ அங்கே வெக்டராகவே தூங்கிக்கொண்டிருக்கலாம். அதை எஸ்விஜியாகவோ பிடிஎஃப்பாகவோ எடுத்துத் தரச் சொல்லுங்கள். காசு கொடுத்து வரைய வைத்த பிறகு இதைக் கேட்டு என்ன பயன்?

கிடைக்கவில்லையா, திரும்ப வரைவதுதான் வழி. வெக்டர் வரையும் இங்க்ஸ்கேப் மென்பொருள் இலவசம். ஜேபெக்கை அடியில் ஒரு லேயரில் வைத்துப் பூட்டிவிட்டு, மேலே பென் டூலால் வரையுங்கள். புள்ளிகளை எவ்வளவு குறைவாக வைக்கிறீர்களோ வளைவு அவ்வளவு சுத்தமாக வரும். தானாக டிரேஸ் செய்யும் வசதியும் உண்டு, ஆனால் 200 பிக்சல் படத்தில் 'ண', 'ஜ' போன்ற எழுத்துகளின் சுழிகள் கோணலாகிவிடும் என்பதால், கடைப் பெயரை அதே ஃபாண்டில் மறுபடி டைப் செய்வதே நல்லது. முடித்ததும் எழுத்தைப் பாத்தாக, அதாவது வெறும் வளைவுக் கோடுகளாக, மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த ஃபாண்ட் இல்லாத போனில் பெயர் வேறு வடிவத்தில் வரும். மாற்றும் முன் ஒரு நகல் எடுத்து வைக்க மறக்காதீர்கள், மாற்றிய பிறகு எழுத்தைத் திருத்த முடியாது.

அப்புறம், சேலைப் போட்டோக்களைத் தயவுசெய்து வெக்டர் ஆக்காதீர்கள். ஜரிகையின் மினுமினுப்பு ஆயிரம் துண்டு வடிவங்களாக உடைந்து செத்துப்போகும், ஃபைலும் கனத்துவிடும். ஜேபெக் அல்லது வெப்பி (WebP) போதும், 600 அகலத்தில் காட்டப் போகிறீர்கள் என்றால் 1200 அகலத்தில் ஏற்றுங்கள். ஃபிக்மா போன்ற மென்பொருளில் வெக்டர் லோகோவும் இந்தப் போட்டோக்களும் ஒரே பக்கத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம், வெளியே எடுக்கும்போது லோகோவுக்கு எஸ்விஜி, போட்டோவுக்கு ஜேபெக் என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுத்தால் ஆயிற்று.

வெக்டராலும் சரி செய்ய முடியாத இடம் ஒன்று உண்டு, பிரவுசர் டேபில் தெரியும் குட்டி ஐகான். உங்கள் லோகோவில் மயில் இருந்தால், 32 பிக்சலுக்குள் அதன் தோகையின் மெல்லிய கோடுகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். அதற்கு மயிலின் தலையை மட்டும் எடுத்து, தடித்த கோடுகளில் தனியாக ஒன்று வரைந்துகொள்ளுங்கள்.