ஆங்கிலத்தில் அதிகப் பொருள் கொண்ட சொல் எது? அதை நாம் எப்படிப் புழங்குகிறோம்?

ரொம்ப நாளாக ‘செட்’தான். ஆக்ஸ்போர்டு பேரகராதியின் 1989 பதிப்பில் இந்த ஒரு வினைச்சொல்லை விளக்க 60,000 சொற்கள் செலவானது. வெறும் ‘செட்’டுக்கே 430 பொருள். இப்போது ‘ரன்’ 645 பொருளோடு முந்திவிட்டது. இருந்தாலும் என் ஓட்டு செட்டுக்குத்தான். ரன்னை நாம் கிரிக்கெட்டோடு விட்டுவிட்டோம்.

உசிலம்பட்டியில் மாமா கடை வைத்திருந்தார். மோட்டாருக்குக் காயில் கட்டுவார், காதுகுத்து, திருவிழாவுக்கு ரேடியோ செட்டும் வாடகைக்கு விடுவார். ஒரு ராத்திரி போன். “அண்ணே, செட்டு விஷயமா விடியக்காலம் வந்துருங்க.” மாமா குழாய் ஸ்பீக்கர் ரெண்டு, ஆம்ப்ளிஃபயர், சீரியல் பல்பு எல்லாம் டெம்போவில் ஏற்றி என்னையும் கூட்டிப் போனார். அங்கே பந்தலும் இல்லை, வாழைமரமும் இல்லை. கிணற்று மேட்டில் ஒருவர் தலைத்துண்டை உதறிக்கொண்டு நிற்கிறார். பம்பு செட் ஓடலை, கத்திரிச் செடி வாடுது, அதுதான் விஷயம். குழாயைப் பார்த்துவிட்டு, “பாட்டுப் போட்டா தண்ணி ஏறுமாண்ணே?” என்றார். அதற்கப்புறம் போனை எடுத்ததும் மாமா முதலில் கேட்பது: “தண்ணி செட்டா, பாட்டுச் செட்டா?”

உண்மையில் ஆங்கிலத்திலேயே இது ஒரு சொல் இல்லை, இரண்டு. வைப்பது, பொருத்துவது என்கிற செட் பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு. கூட்டம், ஜதை என்கிற செட்டோ லத்தீனின் ‘செக்டா’ பிரெஞ்சு வழியாக வந்தது. “பூரி ஒரு செட்”, “அவன் எங்க செட்டுப்பா” எல்லாம் லத்தீன் வழி உறவு. அலாரம் செட் பண்ணுவதும், தளம் போட்டுவிட்டு கான்கிரீட் செட் ஆகக் காத்திருப்பதும் மற்ற வீட்டுப் பிள்ளைகள்.

“அந்த வேலை எனக்குச் செட் ஆகலை” மட்டும் சுத்தமாக நம்முடையது. இங்கிலீஷ்காரரிடம் அப்படியே சொன்னால், சிமெண்ட்டு இறுகவில்லையா என்று கேட்பார். சூரியன் சாய்வதும் அவருக்குச் செட்தான், அதை நாம் தொடவில்லை. தயிர் விஷயத்திலும் அப்படியே. எங்கள் வீட்டில் அது இன்றைக்கும் தோய்கிறது.