சாவி தேடும் டேக்: கடையில் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் போனை

கேள்வி: வீட்டுக்குள்ளேயே சாவிக்கொத்தை எங்காவது வைத்துவிட்டுத் தேடுவதே எனக்கு வேலையாகிவிட்டது. "போனில் அம்புக்குறி காட்டி, எத்தனை அடி தூரம் என்றும் சொல்லும்" என்று கடைக்காரர் சாவிக்கொத்தில் மாட்டும் சின்ன டேக்கான சாம்சங் ஸ்மார்ட்டேக்2-ஐக் காட்டுகிறார். என்னிடம் இருப்பது கேலக்ஸி ஏ55. மகளிடம் ஐபோன் 13. எதை வாங்கலாம்? (திருச்சி வாசகர்)

பதில்: கடைக்காரர் சொன்னது அந்த டேக்குக்குச் சரி, உங்கள் போனுக்குச் சரிவராது. அம்புக்குறி வர வேண்டுமானால் அல்ட்ரா வைட்பேண்ட் என்ற ரேடியோ தொழில்நுட்பம் டேக்கில் மட்டும் இருந்தால் போதாது, போனிலும் இருக்க வேண்டும். ஏ55-ல் அது இல்லை. சாம்சங் எஸ்24 வாங்கியவர்களுக்கும் இதே கதைதான். எஸ்24 பிளஸ், அல்ட்ரா இரண்டில்தான் கொடுத்திருக்கிறார்கள். பெட்டியில் இதைக் கொட்டை எழுத்தில் போடாததுதான் எனக்கு வருத்தம்.

ப்ளூடூத் டேக், சிக்னல் எவ்வளவு பலமாக வருகிறது என்பதை வைத்துத் தூரத்தைக் குத்துமதிப்பாகச் சொல்கிறது. நடுவே ஒரு சுவரோ ஆளோ வந்தால் கணக்கு மாறிவிடும். அல்ட்ரா வைட்பேண்ட் அளப்பது நேரத்தை. மிகக் குறுகிய ரேடியோ துடிப்பு டேக்குக்குப் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கிறது. ஒரு நானோ நொடியில் ரேடியோ அலை ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் போகும். அதனால்தான் தடையில்லாத இடத்தில் பத்து சென்டிமீட்டர் அளவுக்குத் துல்லியம் கிடைக்கிறது. ஆனால் சாவி இரும்பு பீரோவுக்குள் இருந்தால் இதுவும் திணறும்.

இந்த அளவீட்டுக்கு, பொறியாளர்களின் உலக அமைப்பான ஐஇஇஇ வகுத்த 802.15.4 என்ற பொதுத் தரம் இருக்கிறது. தூரத்தைப் பொய்யாகக் காட்டி ஏமாற்றுவது கடினமாகும்படி 2020-ல் 802.15.4இசட் என்று அதைப் பலப்படுத்தினார்கள். தரம் பொதுவானாலும் டேக்குகள் பொதுவானவை அல்ல. ஸ்மார்ட்டேக்2 கேலக்ஸி போன்களோடு மட்டும்தான் வேலை செய்யும், ஆப்பிள் ஏர்டேக்குக்கு ஐபோனோ ஐபேடோ வேண்டும்.

சரி, உங்களுக்கு எது? வீட்டுக்குள் தேட ஸ்மார்ட்டேக்2 போதும். போனில் தட்டினால் டேக் ஒலிக்கும், சத்தம் வரும் திசையில் போய் எடுத்துக்கொள்ளலாம். அம்புக்குறி இருக்கிறது என்பதற்காகக் கூடுதல் விலை மட்டும் கொடுக்காதீர்கள். சாதாரண ப்ளூடூத் டேக்கும் இதே வேலையைச் செய்யும்.

மகளின் ஐபோன் 13-ல் அல்ட்ரா வைட்பேண்ட் உண்டு, ஏர்டேக் வாங்கினால் அம்புக்குறி வரும். ஆனால் மகள் வீட்டில் இல்லாதபோது உங்களால் தேட முடியாது. அப்புறம், அவர் பெயரில் உள்ள டேக் உங்கள் சாவியோடு ஊர் சுற்றினால், "தெரியாத டிராக்கர் உங்களோடு வருகிறது" என்று உங்கள் போன் எச்சரிக்கவும் கூடும்.